சில்லு திரும்பி வந்துவிட்டது, நோ ஏன் போகவில்லை?

வந்திருக்கும் கடிதங்களில் மூன்று கடிதங்கள் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: முழங்காற்சில்லு விலகுவதும், அதற்குப் பிறகு விட்டுப் போகாத நோவும். அதனால் இந்த முறை மூன்றையும் சேர்த்து எடுத்திருக்கிறேன். முதல் பதில் நீளமானது. மற்ற இருவருக்கும் தேவையான பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது, எல்லோரும் அதை முதலில் வாசித்துவிடுங்கள்.

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 23 வயது, இடம் உப்புவெளி. 15 வயதில் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடும்போது பந்தைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன், வலது முழங்காற்சில்லு வெளிப்பக்கமாகப் போய்விட்டது. பிறகும் நாலு தரம் விலகியிருக்கிறது, கடைசியாக பஸ்ஸில் இருந்து இறங்கும்போது. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேலாக விலகவில்லை, ஆனால் நோ மட்டும் போகவே இல்லை. கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போய்விடுகிறேன், இறங்கி வரும்போதுதான் ஒவ்வொரு படியும் உயிர் போகிறது. வகுப்பில் கனநேரம் காலை மடக்கி இருந்தாலும் நோகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். அம்மா நரம்புப் பிரச்சினை என்கிறா, மாமி கன்னியா வெந்நீரில் குளித்தால் சரியாகும் என்கிறா. கல்யாணம் பேசுகிற நேரம் ஒப்பரேசன் என்ற கதையே எடுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். இது என்னுடைய மனப்பிரமையா? ஒப்பரேசன் செய்யத்தான் வேண்டுமா?

பதில்: தங்கச்சி, பிரமை இல்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதும் முழங்காலில் ஒன்றும் இல்லை என்பதும் வேறு வேறு. இதை உங்கள் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முழங்காற்சில்லு என்பது தொடையின் முன்தசைக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன எலும்பு. காலை மடக்கி நீட்டும்போது தொடை எலும்பின் நுனியில் இருக்கும் பள்ளத்தில் அது மேலும் கீழும் ஓட வேண்டும், கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடுகிற மாதிரி. கால் நேராக இருக்கும்போது சில்லு இன்னும் பள்ளத்துக்குள் இறங்கியிருக்காது. கொஞ்சம் மடங்கினால்தான் உள்ளே இறங்கும். அந்த இடைப்பட்ட நேரத்தில் அதை உட்பக்கமாக இழுத்துப் பிடித்து வைத்திருப்பது முக்கியமாக ஒரே ஒரு நார்தான், வைத்தியர்கள் அதை எம்.பி.எப்.எல். என்று எழுதுவார்கள். பாதம் நிலத்தில் ஊன்றியிருக்க, முழங்கால் லேசாக மடங்கியிருக்க, உடம்பு மட்டும் திரும்பினால் சில்லு வெளியே பாய்கிறது. நீங்கள் எழுதிய வலைப்பந்துத் திருப்பம் அச்சொட்டாக இதுதான். முதல் தரம் விலகும்போதே பெரும்பாலானவர்களுக்கு அந்த நார் அறுந்துவிடும் அல்லது இழுபட்டுவிடும். ஆறும்போது முன்பிருந்த இறுக்கத்தோடு ஆறாது, நீண்டு தொய்ந்து ஆறும். பஸ்ஸில் இருந்து இறங்குகிற மாதிரிச் சின்ன விஷயத்துக்கே பிறகு விலகுவது அதனால்தான்.

இப்போது நோவுக்கு வருவோம். விலகும்போதும், அதைவிட முக்கியமாகத் திரும்பி இடத்துக்கு வரும்போதும், சில்லின் உட்பக்க விளிம்பு தொடை எலும்பின் வெளி முனையில் மோதுகிறது. இரண்டிலும் பூசினாற்போல் இருக்கும் குருத்தெலும்பு அங்கே சிராய்கிறது, வெடிக்கிறது, சிலருக்குத் துண்டாகவே பெயர்ந்து வருகிறது. இது உங்களுக்கு ஐந்து தரம் நடந்திருக்கிறது. குருத்தெலும்பில் இரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதனால் அது தானாக ஆறுவது குறைவு. அது எக்ஸ்ரேயில் தெரிவதும் இல்லை. நோவது அதற்குக் கீழே இருக்கும் எலும்பும், மூட்டைச் சுற்றியிருக்கும் சவ்வும்தான். படி இறங்கும்போது சில்லுக்கும் பள்ளத்துக்கும் இடையில் உங்கள் உடல் நிறையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு அழுத்தம் விழுகிறது, குந்தி எழும்பும்போது இன்னும் அதிகம். அதனால்தான் கோணேசர் கோயிலுக்கு ஏறுவது பரவாயில்லை, இறங்குவது கஷ்டம். மடக்கிய காலோடு கனநேரம் இருந்தால் வரும் நோவுக்கும் காரணம் இதே அழுத்தம்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். மூட்டுக்குள் கொஞ்சம் நீர் கட்டினாலே போதும், முன்தொடைத் தசையை உடம்பு தானாகவே அடக்கிவிடும். நீங்கள் இறுக்க நினைத்தாலும் அது முழுதாக இறுகாது. ஒவ்வொரு தரமும் விலகிய பிறகு கிழமைக்கணக்கில் காலை நீட்டி வைத்துக்கொண்டு இருந்திருப்பீர்கள், தசை இன்னும் இளைத்திருக்கும். ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். முழங்காலுக்கு ஒரு சாண் மேலே இரண்டு தொடையையும் தையல் நாடாவால் அளந்து பாருங்கள். வலது தொடை குறைவாக இருந்தால் நோவின் ஒரு பெரிய பங்கு அங்கேதான் இருக்கிறது, அதைத் திரும்பக் கட்டியெழுப்பவும் முடியும். தசை மெலிந்தால் சில்லு சரியான தடத்தில் ஓடாது, தடம் மாறினால் நோகும், நொந்தால் அந்தக் காலைக் குறைவாகப் பாவிப்பீர்கள், பாவிக்காவிட்டால் இன்னும் மெலியும். வருஷக்கணக்கில் நோவோடு இருக்கும் பலர் இந்தச் சுழிக்குள்தான் அகப்பட்டிருக்கிறார்கள்.

பயத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். சில்லை யாராவது வெளிப்பக்கமாகத் தள்ளினால் நீங்கள் உடனே காலை இறுக்கிக்கொண்டு அவருடைய கையைத் தட்டிவிடுவீர்கள், இல்லையா? வைத்தியர்கள் இதை ஒரு பரிசோதனையாகவே செய்து பார்ப்பார்கள். சில்லு இன்னும் தளர்வாக இருக்கிறது என்பதற்கு அந்தப் பயம் ஒரு அறிகுறி. அதை வைத்து யாரும் உங்களை மனநோயாளி ஆக்க வேண்டாம்.

ஒப்பரேசனா இல்லையா என்பதை வீட்டு முற்றத்தில் இருந்து முடிவு செய்ய முடியாது, முதலில் காரணம் தெரிய வேண்டும். பிரான்சின் லியோன் நகரில் ஹென்றி டெஜூர் என்ற வைத்தியரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1994இல் எழுதிய கட்டுரையில் அடிக்கடி சில்லு விலகுபவர்களுக்கு இருக்கும் நாலு எலும்பு அமைப்புக் குறைகளைக் குறித்தார்கள்: பள்ளம் ஆழமில்லாமல் தட்டையாக இருப்பது, சில்லு வழக்கத்தைவிட மேலே இருப்பது, சில்லுத் தசைநாண் கீழ்க்கால் எலும்பில் ஒட்டும் இடம் பள்ளத்தின் நடுவில் இருந்து 20 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் வெளியே தள்ளியிருப்பது, சில்லு ஒரு பக்கம் சாய்ந்திருப்பது. இன்றும் நிபுணர்கள் பார்ப்பது இவற்றைத்தான். முன்னாலும் பக்கவாட்டிலும் எடுக்கும் சாதாரண எக்ஸ்ரே போதாது. காலைக் கொஞ்சம் மடக்கி வைத்து, சில்லும் பள்ளமும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி எடுக்கும் ஸ்கைலைன் படம் வேண்டும், குருத்தெலும்பையும் நாரையும் பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கான் வேண்டும். நீங்கள் அரச வைத்தியசாலையின் ஓபிடிக்குப் போய், ஐந்து தரம் விலகியது என்று எண்ணிக்கையோடு சொல்லி, எலும்பு முறிவு சத்திரசிகிச்சை நிபுணரின் கிளினிக்குக்கு எழுதித் தரும்படி கேளுங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. "முழங்கால் நோ" என்று மட்டும் சொன்னால் குளிசையும் பூச்சு மருந்தும் தந்து அனுப்பிவிடக்கூடும், அதனால் விலகிய கதையை முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஸ்கானில் என்ன வந்தாலும், அதற்குக் காத்திருக்காமல் இன்றைக்கே தொடங்கக்கூடிய வேலை தொடையில் இருக்கிறது. கட்டிலில் காலை நீட்டி இருந்து, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துவாயை வைத்து, அதைக் கீழே அழுத்துங்கள். தொடை கல்லாக இறுக வேண்டும், ஐந்து வினாடி பிடித்து விடுங்கள், பத்து தரம். பிறகு காலை வளைக்காமல் ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி இறக்குங்கள். பக்கவாட்டில் சரிந்து படுத்து மேல் காலைத் தூக்குவதையும் விட வேண்டாம், இடுப்புத் தசை பலமில்லாவிட்டால் தொடை உட்பக்கம் திரும்பும், சில்லு வெளிப்பக்கம் இழுபடும். இவை லேசாக வந்த பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்கால் பாதிக்கும் குறைவாக மடங்கும் அளவுக்கு மட்டும் சறுக்கி இறங்கி எழும்புங்கள்.

அப்புறம் வாசற்படி. உங்களுக்கு நோவது இறங்கும்போது, அதனால் இறங்கத்தான் பழக வேண்டும். வீட்டில் ஆகத் தாழ்ந்த படியில் வலது காலில் நின்று, இடது குதிக்கால் நிலத்தைத் தொடும் வரைக்கும் மெதுவாக, மூன்று எண்ணும் அளவுக்கு மெதுவாக, இறங்குங்கள். தொட்டதும் திரும்ப மேலே வாருங்கள். முன்னால் ஒரு கண்ணாடி இருந்தால் நல்லது, வலது முழங்கால் பெருவிரல் பக்கமாக உள்ளே சாய்கிறதா என்று அதில் பாருங்கள். சாய்ந்தால் நிறுத்தி, முழங்காலை இரண்டாம் விரலுக்கு நேரே கொண்டுவந்து திரும்பச் செய்யுங்கள். சாய்ந்தபடி ஐம்பது தரம் செய்வதைவிட நேராக ஆறு தரம் செய்வது பெறுமதி. நோவைப் பத்துக்கு எத்தனை என்று மனதுக்குள் மதிப்பிட்டால், செய்யும்போது மூன்று வரைக்கும் இருந்தால் பயப்பட வேண்டாம். அடுத்த நாள் காலையில் கூடியிருந்தாலோ வீங்கியிருந்தாலோ பாதியாகக் குறையுங்கள். மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும், இரண்டு கிழமையில் ஒன்றும் மாறவில்லை என்று விட்டுவிடாதீர்கள். முடிந்தால் வைத்தியசாலை பிசியோ பிரிவில் ஒரு தரமாவது காட்டி, சரியாகச் செய்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் உப்புவெளியில் இருப்பது ஒரு வசதி. சோளகக் காலத்தில் கடல் அமைதியாக இருக்கும் காலை நேரங்களில், யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடவுங்கள், உடல் பாரம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். வாடைக் காலத்தில் வேண்டவே வேண்டாம், அலை காலைப் பிரட்டிவிடும். கரையோரச் சரிவு மணலில் நடப்பதையும் இப்போதைக்குத் தவிருங்கள்.

மாமி சொன்ன கன்னியாவுக்குத் தாராளமாகப் போகலாம். ஏழு கிணற்றுத் தண்ணீரையும் அள்ளி ஊற்றினால் இறுகிய தசை இளகும், சுகமாக இருக்கும். ஆனால் வெந்நீரால் குருத்தெலும்பு வளராது, தொய்ந்த நார் இறுகாது. புதிதாக வீங்கியிருக்கும் முழங்காலுக்குச் சூடு வைக்கவும் கூடாது, அதற்கு ஐஸ்தான்.

ஒப்பரேசனைப் பற்றி நேராகவே சொல்கிறேன். இத்தனை தரம் விலகியவருக்குப் பெரும்பாலும் அறுந்த நாரைப் புதிதாகக் கட்டும் சத்திரசிகிச்சையைத்தான் நிபுணர்கள் யோசிப்பார்கள். உங்கள் பின்தொடையில் இருந்தே ஒரு தசைநாணை எடுத்துக் கட்டுவார்கள். தசைநாண் ஒட்டும் இடம் அதிகம் விலகியிருந்தால் அந்த எலும்புத் துண்டை நகர்த்தித் திருகாணி போடுவதும் உண்டு. இனி விலகாமல் இருக்க இது நன்றாகவே உதவும். ஆனால் ஏற்கனவே தேய்ந்த குருத்தெலும்பின் நோ இதனால் முழுதாகப் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதனால் வைத்தியரிடம் இரண்டு கேள்வியையும் தனித்தனியே கேளுங்கள்: இது விலகலை நிறுத்துமா, என் நோவைக் குறைக்குமா? ஒரு வருஷமாக விலகவில்லை, தொடைப் பயிற்சியை முறையாகச் செய்ததும் இல்லை என்றால், பல வைத்தியர்கள் முதலில் அதைச் செய்து பார்க்கச் சொல்வார்கள். செய்த பிறகும் சில்லு நழுவினால் தள்ளிப் போடாதீர்கள், ஒவ்வொரு விலகலும் இன்னும் கொஞ்சம் குருத்தெலும்பைக் கொண்டு போகிறது.

கல்யாணப் பேச்சு விஷயத்தில் என்னுடைய அபிப்பிராயம் இது. இந்த முழங்காலோடு வாழப்போவது நீங்கள். ஒப்பரேசனில் வருவது சில சின்னத் தழும்புகள், ஊன்றுகோலோடு சில கிழமைகள், ஓடி விளையாட ஆறு மாதத்துக்கும் மேல். இதை மறைக்கிற குடும்பத்துக்கும் இதைக் கேட்டு ஓடுகிற குடும்பத்துக்கும் நடுவில் உங்கள் கால் ஏன் அகப்பட வேண்டும்? அடுத்த கிளினிக்குக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், வைத்தியர் வாயால் கேட்டால் அவவும் விளங்கிக்கொள்வா.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். கிண்ணியா, 36 வயது, மேசன் வேலை. இளவயதில் பந்தடிக்கும்போது இரண்டு தரம் இடது சில்லு விலகியது, மூலிகைப் புக்கை கட்டிச் சரியாகிவிட்டது. இப்போது சில மாதமாக முழங்கால் திடீரென்று பாதியில் இறுகி நின்றுவிடுகிறது, உதறினால் விடுபடுகிறது. பின்னேரமானால் வீக்கம். தொழுகையில் இருப்பில் இருக்க முடியவில்லை. பாமசியில் டைக்ளோபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன்.

பதில்: வஅலைக்கும் ஸலாம் நானா. உங்களுடையது முதல் கடிதத்தில் இருக்கும் நோ மாதிரி இல்லை, பயிற்சி செய்து பார்ப்போம் என்று இதை வைத்திருக்க வேண்டாம். பாதியில் இறுகுவதும் உதறினால் விடுவதும் மூட்டுக்குள் ஏதோ தடுக்கிறது என்பதற்கான அறிகுறி. அன்றைக்கு விலகும்போது பெயர்ந்த குருத்தெலும்புத் துண்டு ஒன்று உள்ளே மிதந்து திரிவதாக இருக்கலாம், எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் சவ்வு கிழிந்து மடிந்து அகப்படுவதாகவும் இருக்கலாம். இரண்டையும் ஸ்கானில் பார்க்கலாம், பெரும்பாலும் சின்னத் துளை வழியாகக் கமெராவை விட்டு எடுத்துவிடவோ சரிசெய்யவோ முடியும். இந்த மாதத்துக்குள்ளேயே கிளினிக்குக்குப் போங்கள். நடுவில் ஒரு நாள் இறுகி, நீட்டவே முடியாமல் போனால் யாரையும் பிடித்து இழுக்க விடாமல் அப்படியே ஓட்டோவில் ஏறி வைத்தியசாலைக்குப் போங்கள். முழங்கால் சூடாகிச் சிவந்து காய்ச்சலும் சேர்ந்தால், அன்றைக்கே போக வேண்டும்.

டைக்ளோபெனாக்கை இப்படித் தொடர்ந்து போடுவது எனக்குக் கவலையாக இருக்கிறது. வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் பாதிக்கும், பிரஷரும் ஏறும், அதிலும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிற ஒருவருக்கு இது இன்னும் மோசம். வைத்தியரைக் காணும் வரைக்கும் பரசிட்டமோலை அளவோடு பாவியுங்கள், வேலை முடிந்து வந்து ஐஸ் வையுங்கள், குந்தி இருந்து செய்யும் வேலையைக் கூட வேலை செய்பவரிடம் கொடுங்கள். தொழுகையைக் கதிரையில் இருந்து தொழலாம், இயலாதவருக்கு மார்க்கத்தில் அதற்கு இடம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். கொஞ்ச நாளைக்கு அப்படித் தொழுவதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

புக்கையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் முறிவு நெரிவு வைத்தியரின் கட்டைப் பற்றி அடுத்த கடிதத்தில் வருகிறது.

கேள்வி: உவர்மலையில் இருந்து ஒரு அம்மா. என் மகனுக்கு 13 வயது. போன மாதம் ஓடும்போது முதல் முறையாகச் சில்லு விலகியது, வைத்தியசாலையில் இடத்துக்குக் கொண்டுவந்து மட்டை வைத்துக் கட்டி விட்டார்கள். தெரிந்த முறிவு நெரிவு வைத்தியர் ஒருவர் மூன்று மாதம் அசையாமல் கட்டி வைக்க வேண்டும் என்கிறார். இவன் கைப்பெருவிரலை வளைத்து முன்கையில் தொடுவான், அவன் அப்பாவும் அப்படித்தான், அவருக்கும் சின்ன வயதில் சில்லு விலகியதாம். இனி விளையாட்டை நிறுத்திவிடவா?

பதில்: அம்மா, அந்தப் பெருவிரலைக் கவனித்து எழுதினீர்களே, அது மிக முக்கியமான தகவல். மூட்டுகள் இயல்பிலேயே இளக்கமாக இருப்பதும் அப்பாவுக்கு விலகியதும், மகனுக்குத் திரும்பவும் விலகும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. வளரும் வயதில் முதல் தரம் வந்தது என்பதும் அப்படியே. கிளினிக் கொப்பியில் இது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை நீங்களே சொல்லுங்கள். மற்ற முழங்காலையும் பார்க்கச் சொல்லுங்கள், இந்த அமைப்பு பலருக்கு இரண்டு காலிலும் இருக்கும். முதல் விலகலிலேயே குருத்தெலும்புத் துண்டு பெயரக்கூடும், அதனால் முழங்கால் அன்றைக்கே பெரிதாக வீங்கியிருந்தால் ஸ்கான் தேவையா என்றும் கேளுங்கள்.

மூன்று மாதம் அசையாமல் கட்டுவதற்கு நான் உடன்பட மாட்டேன். முறிவு நெரிவு வைத்தியர்கள் நம்முடைய ஊர்களில் எத்தனையோ பேருக்கு உதவியவர்கள், அவர்களுக்கு இருக்கும் மரியாதை இருக்கட்டும். ஆனால் சில்லு விலகிய காலை நீண்ட நாள் கட்டி வைத்தால் மூட்டு இறுகும், தொடை இளைக்கும், அந்த இளைத்த தொடையோடுதான் அவன் திரும்ப மைதானத்துக்குப் போவான். எண்ணெய் பூசுவது சரி, பிடித்து இழுத்து உருவுவது வேண்டாம். வைத்தியர் மட்டையைக் கழற்றலாம் என்று சொன்ன நாளில் இருந்தே மெதுவாக மடக்கி நீட்டவும், முதல் பதிலில் சொன்ன துவாய்ப் பயிற்சியைச் செய்யவும் விடுங்கள். வளர்ச்சி முடியாத எலும்பில் சில ஒப்பரேசன்களைச் செய்ய மாட்டார்கள், அதனால் இந்த வயதில் தொடைதான் அவனுக்குக் காவல்.

விளையாட்டை நிறுத்த வேண்டாம். 13 வயதுப் பையனை வீட்டில் இருத்தினால் நிறை கூடும், தசை குறையும், இரண்டும் அந்தச் சில்லுக்குக் கேடு. ஆனால் திகதியைப் பார்த்து அனுப்பாதீர்கள். வீக்கம் முழுதாக வற்றி, இரண்டு தொடையும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வந்து, அந்த ஒற்றைக் காலில் தத்தி நேராக நிற்க முடிந்து, ஓடித் திரும்பும்போது பயமும் இல்லை என்று அவனே சொன்ன பிறகு அனுப்புங்கள். அது வரைக்கும் நேர் ஓட்டமும் நீச்சலும் போதும், ஓடித் திரும்பிப் பாயும் விளையாட்டு எதுவும் வேண்டாம். சந்தைகளில் விற்கும் இறுக்கமான முழங்கால் உறையைத் தொடக்கத்தில் போடலாம், தைரியம் தரும், ஆனால் அதைப் போட்டுவிட்டுப் பயிற்சியை விட்டுவிடக் கூடாது.

மைதானத்தில் திரும்பவும் விலகினால் என்ன செய்வது என்பதை அவனுடைய விளையாட்டு ஆசிரியருக்கும் சொல்லி வையுங்கள். அவனை இருத்தி, காலை யாரும் தட்டாமல் குத்தாமல், அவனே மெதுவாக நீட்ட விட வேண்டும், பல நேரம் நீட்டும்போதே சில்லு தானாக உள்ளே வந்துவிடும். வராவிட்டால் வலிந்து தள்ளாமல், கால் இருக்கிற நிலையிலேயே துணியால் தாங்கிக் கட்டி வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளே வந்துவிட்டாலும் அன்றைக்கு விளையாட்டு முடிந்தது, அடுத்த நாளே காட்ட வேண்டும்.